ஆறிய டீயும் பட்டர் ஃப்ரூட்டும்

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சாத்துக்குடிதான் வாங்கி வருகிறார்கள். இதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். என் மனைவிக்கு வாயில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் முழுக்க வெந்து கிடந்தது. அந்த வாயில் சாத்துக்குடிச் சாற்றை ஊற்றுவது வெட்டுக்காயத்தில் எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி. ஆனாலும் எங்கள் ஜோகுபாளையம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் சாத்துக்குடி உருண்டு வந்து காலில் விழும்.

பழத்தை வைத்துவிட்டு, அவள் காதுபடவே கேட்பார்கள். "புகையில போடுவாங்களா?" இல்லை. "வெத்தல பாக்கு?" அதுவும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே பழக்கம் டீ. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர். சொன்னால் நம்பாமல் என் முகத்தையே பார்ப்பார்கள். அவள் மேல் ஏதாவது தப்பு இருந்துவிட்டால் இவர்களுக்கு நிம்மதி. நமக்கு வராது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்து நாலுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடை பார்ப்பார்கள். நாற்பத்து மூன்றுக்குக் கீழே போனால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் சமயத்தில் பக்கத்துக் கட்டிலில் டியூப்போடு ஒருவர் படுத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். பேசினால் வலிக்கும் என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதிக் காட்டுவாள். அன்று எழுதினாள்: "டியூப் போட்டா கரண்டுக்கு வரமாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்கிற கன்னடப் பெண் ஒருத்தி இருந்தாள். "எதுவும் சாப்பிட மாட்டேங்கறா. டீ வேணுங்கறா," என்றேன்.

"சூடா பேடா, வேண்டாம் சார். கிரீன் டீ லைட்டா போட்டு, ஆற வச்சு, பட்டர் ஃப்ரூட், வாழப்பழம், பால் சேர்த்து மிக்சில அடிங்க. கிரீம் மாதிரி வரும். புளிப்பு மட்டும் பேடவே பேடா."

பெரிய கடைகளில் அவகாடோ என்று எழுதி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது பட்டர் ஃப்ரூட்தான்.

நான் பொம்மசந்திராவில் லேத்து மெஷினில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். தலைமுடி அளவுக்கு வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் ஒரு டம்ளர் டீ போடத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் டீ என்றால் நிறம் இறங்குகிற வரைக்கும் கொதிக்கவைப்பது. கிரீன் டீயையும் அப்படியே கொதிக்கவைத்தேன். நிறம் வரவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டேன். இன்னும் கொதிக்கவிட்டேன். அவள் போடுவதைப் பார்த்த பழக்கத்தில் இஞ்சியையும் தட்டிப் போட்டேன். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றி, பழத்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். மூடி பறந்தது. சுவர், காலண்டர், என் சட்டை எல்லாம் பச்சை.

மிச்சம் இருந்ததை ஆற வைத்துக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பச்சை தெறித்த தாளிலேயே எழுதினாள்: "இதுக்கு கரண்டே பரவால்ல."

"உனக்காகத்தான் நின்னு சாகறேன்," என்று கத்தினேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் இரண்டாவது தடவையாக அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது விவேக் நகரிலிருந்து என் அக்கா வந்தாள். கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி.

"ரெண்டு பழம் பிழிஞ்சு குடுடா. தெம்பு வரும்."

"புளிப்பு ஆகாதுக்கா."

"சக்கர போட்டா புளிப்பு தெரியாதுடா."

"வாய் வெந்து கெடக்குதுக்கா. பாக்கறியா?"

"நம்ம வீட்ல யார் படுத்தாலும் சாத்துக்குடிதான் குடுத்தோம். எல்லாரும் எழுந்து நடக்கலயா?"

பையை எடுத்துப்போய் வாசலில் அவள் செருப்புப் பக்கத்தில் வைத்தேன். "பழத்தையும் எடுத்துக்க, நீயும் கெளம்பு," என்றேன். என் சொந்த அக்காவைத்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "டீ போடத் தெரியாத ஆத்திரத்த எங்கிட்ட காட்றான்."

சொன்னது சரிதான். அதனால்தான் இன்னும் எரிந்தது. பையை அவள் எடுத்துப் போகவில்லை. மறுநாள் வாசலில் பை இல்லை. யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள், ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டாவது தடவையும் கசப்புதான். பட்டர் ஃப்ரூட் காயாக இருந்தது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, இலையைப் போட்டு, இரண்டே நிமிஷத்தில் வடிகட்டினேன். நிறம் வரவில்லையே என்று கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். தொட்டால் சில்லென்று இருக்கும் வரை ஆறவைத்தேன். அமுக்கினால் விரல் பதிகிற பட்டர் ஃப்ரூட்டில் பாதி. நன்றாகப் பழுத்த பச்சை வாழைப்பழம் ஒன்று. சின்னதாக இருக்கிற எலக்கி வாழைப்பழம் கூடாது, அதில் லேசாகப் புளிப்பு உண்டு. ஊறவைத்துத் தோல் உரித்த ஆறு பாதாம், அரை டம்ளர் பால். அடித்து, டீ வடிகட்டியிலேயே ஒரு தடவை வடித்தேன். ஒரு சின்னத் திப்பி ஒட்டினாலும் அவளுக்கு உயிர் போகும்.

வெண்ணெய் மாதிரி வந்தது. நிறம் மட்டும் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி.

அவள் பார்த்துவிட்டு எழுதினாள்: "டீ எங்க?"

"உள்ளதான் இருக்குது."

"தேடிப் பாக்கறேன்," என்று எழுதினாள்.

முக்கால் மணி நேரம் ஸ்பூன் ஸ்பூனாகத் தேடினாள். டம்ளர் காலியானது. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு நாலு தடவை அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மிக்சிச் சத்தம் பற்றிக் கேட்க வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். எடை மெஷினில் ஏறப் போனபோது நர்ஸ் தடுத்தாள். "ஸ்வெட்டர கழட்டுங்கம்மா."

குளிருகிறது என்று கையால் காட்டினாள்.

"ஒரு நிமிஷம்தானம்மா."

கழற்றிக் கொடுத்தாள். ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து ஒரு சாத்துக்குடி கீழே விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டது. பின்னாலேயே இன்னொன்று. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்," என்றார் டாக்டர். டியூப் இல்லை.

வராந்தாவில் வைத்துக் கேட்டேன். "ரெண்டு பழத்த வச்சு யார ஏமாத்தப் போற? மெஷினயா?"

ஒரு வாரமாக ஒரு வார்த்தை பேசாதவள் வாய் திறந்தாள். பாதி வார்த்தை குழறியது.

"நீ போட்டுக் குடுத்தது போதுமோ போதாதோன்னு பயமா இருந்துச்சுயா."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அந்த இரண்டு சாத்துக்குடியையும் நானே உரித்துத் தின்றேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. புளித்தது. நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினாள்: "அக்காவுக்கு போன் பண்ணு."

நான் பண்ணவில்லை. வீட்டுக்குப் போனதும் நாலாவது டம்ளருக்குப் பாதாம் உரிக்கவேண்டியிருந்தது.