குளியலறைக் கதவும் ஜங்கமம்தான்

என் மனைவியின் அண்ணன் வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன். வக்கீலின் காற்று மேலே பட்டதிலேயே சட்டம் ஏறிவிட்டதாக நினைப்பு. உறவுக்காரர்கள் அவனைச் 'சட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பட்டம் என்று எண்ணி நெஞ்சை நிமிர்த்துவான்.

மாமனார் உயிலில் இரண்டே வரி. ஸ்தாவர சொத்தான வீடு மகளுக்கு. ஜங்கம சொத்து முழுவதும் மகனுக்கு.

காரியம் முடிந்த மறுநாளே லாரியோடு வந்து இறங்கினான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"மாப்ளே, ஸ்தாவரம்னா நின்ன இடத்துல நிக்கிறது. ஜங்கமம்னா நடமாடுறது. அந்தக் காலத்துல ஆடு மாடுதான் சொத்து. தமிழ்லயே மாடுன்னா செல்வம்னு ஒரு அர்த்தம் இருக்கு. இங்கிலீஷ்லயும் மாட்டுக்கும் அசையும் சொத்துக்கும் ஒரே வேர்ச்சொல். தெரியுமா?"

"இங்க மாடு எதுவும் இல்லையே" என்றேன்.

"கழட்ட முடிஞ்சா நகரும். நகர்ந்தா ஜங்கமம்."

கட்டில், பீரோ போயின. அவை அவன் பங்குதான். மின்விசிறி போனது. குழாயைத் திருகி எடுத்தான், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் மனைவி குழாய் இருந்த ஓட்டையைத் துணியால் அடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக் கதவுகள். கீல்களைக்கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டான். இப்படி ஒரு அல்பத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாகக் குளியலறைக் கதவு. உள்ளே மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். இவன் வெளியே நின்று தட்டுகிறான்.

"அம்மா, சீக்கிரம் வாம்மா. லாரிக்காரன் கத்துறான். கதவு வேணும்."

ஈரத்தலையோடு வந்த மாமியார் மகனையும் அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையும் பார்த்தார்.

"நானும் நடமாடத்தானேடா செய்றேன்? என்னையும் ஏத்திக்கோ."

"மனுஷங்க அதுல வரமாட்டாங்கம்மா. சட்டத்துல இடமில்ல" என்றான், கொஞ்சமும் கூசாமல். லாரியில் இடமிருந்தது.

அந்தக் கதவும் லாரி ஏறியது. அன்றிலிருந்து குளியலறை வாசலில் போர்வையைத் தொங்கவிட்டோம். யாராவது குளிக்கப் போனால் இன்னொருவர் காவல்.

தன் சாமர்த்தியத்தை ஆபீசில் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா அவனால்? கேட்ட வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். "கட்டடத்தோட பொருத்தினது கட்டடத்தோட சேர்ந்ததுய்யா. கதவும் குழாயும் வீட்டுக்குத்தான் சொந்தம். நாளைக்கே திருப்பிக் கொடு. இல்லேன்னா இங்க வராதே."

வந்தான். தப்பு என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே! கூடத்தில் உட்கார்ந்து, எங்களுக்கு ஏதோ சலுகை காட்ட வந்தவன் போல், பொருத்திய பொருள் எப்படி ஸ்தாவரமாகிறது என்று விளக்கினான். என் மனைவி, ஏறி நின்று மாட்ட வைத்திருந்த ஸ்டூலை அவன் பக்கம் காலால் தள்ளிவிட்டாள்.

"வாயை மூடிட்டு மாட்டிட்டுப் போ."

கழற்றத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு மாட்டத் தெரியவில்லை. சமையலறைக் கதவைக் குளியலறையில் வைத்து முட்டிக்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்ட, "அம்மா, கொஞ்சம் தண்ணி கொடேன்" என்றான்.

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. அவனிடம் பேசவில்லை. மகளைக் கேட்டார்.

"யாரும்மா அது, கதவு மாட்ட வந்த ஆளா? தண்ணி கேக்குறாரு, குடு."