சின்னான் தளபதியான கதை

நேற்று பாலக்கரையில் என் ஆட்டோவுக்கு முன்னால் சின்ன வெங்காய மூட்டைகளோடு ஒரு லாரி நின்றுவிட்டது. ஈரச் சாக்கும் சருகும் கலந்த அந்த வாடை உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது அத்தையின் வாடை. காந்தி மார்க்கெட் மண்டியில் பொழுது சாய்கிற வரை குந்தி உட்கார்ந்து அழுகல் வெங்காயம் பொறுக்குவாள் என் அப்பாவின் அக்கா. அவள் கட்டிப்பிடித்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அந்த வயதிலேயே நான் பெரிய சுத்தக்காரன்.

பெரியப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அவர் மகன் சேகர் அண்ணனை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அந்த மண்டிக் கூலிதான்.

படித்தவர் எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அத்தையை நான்தான் அழைத்துப் போனேன். ஹாலில் சாமி படத்தைவிடப் பெரிதாக, கண்ணாடி போட்டு, எங்கள் வம்சாவளி. உச்சியில் 'படைத்தளபதி சின்னராஜ பூபதி'. எனக்குப் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் சின்னான். வையம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டியவர். அவருடைய படை ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஓட்டைக் கூடை. அவர் மகன், மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய என் தாத்தா, 'தானிய வணிகர்' ஆகியிருந்தார். தானியம் அவர் முதுகில் இருந்தது உண்மைதான். வந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாயில் கேசரி இருந்தால் எந்த வம்சத்தையும் நம்பலாம்.

அத்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.

"நா எங்க தம்பி இருக்கேன்?"

அண்ணன் வேறு யாரையோ வரவேற்றுக்கொண்டே, "இடம் பத்தல அத்தை. ஆம்பளைங்கள மட்டும்தான் போட்டிருக்கு" என்றார். கோட் போட்ட அவருடைய மாமனாருக்கு இடம் இருந்தது. அவர் எங்கள் மரத்தில் எந்தக் கிளையில் முளைத்தாரோ. தாசில்தாராக இருந்தவர், அவ்வளவுதான்.

"சரிப்பா. வீடு நல்லாருக்கு. போயிட்டு வரேன்" என்றாள் அத்தை. சாப்பிடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குப் பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

"என்னைய விடு. மண்ணு சரிஞ்சு எங்க தாத்தாவுக்கு ஒரு காலு போச்சு. அப்புறமும் கயித்தப் புடிச்சு எறங்கி வெட்டித்தான் எங்க அப்பாவ ஆளாக்குனாரு. அந்த மனுசன் பேரையாவது மாத்தாம விட்டிருக்கலாம்."

"நா அண்ணன்கிட்ட கேக்கட்டுமா அத்தை?"

"வேணாம். அவன் வீட்டுக்கு நாலு பேரு வந்து போவாங்க."

போன மாதம் அத்தை செத்துப்போனாள். அண்ணன் காரில் வந்து ஆளுயர மாலை போட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அவர் செலவுதான். தெரு முழுக்க ஒட்டியிருந்தது. அத்தையின் பெயருக்குக் கீழே 'வெங்காய மண்டி உரிமையாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

இப்போது எங்கள் பரம்பரையில் கூலி வேலை செய்தவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை.