அசையாத படம்

மறதி நோயை ஆராயும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூளைப் படங்களைச் சோதிப்பவர் அவர். ஒல்லியான ஆள். குளிருக்கு எப்போதும் ஒரே சாம்பல் நிற ஜாக்கெட். மவுஸைத் தொடவே மாட்டார். தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்த கறிபாப்பை இடக்கையில் வைத்துக் கடித்தபடி, வலக்கையால் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவார். யாரோ ஒருவருடைய மூளை திறக்கும். கொஞ்சம் பார்த்துவிட்டு, படம் தெளிவாக இருந்தால் "குட்" என்பார், இல்லையென்றால் "குப்பை" என்பார்.

ஆள் அடையாளம் தெரியாதபடி முகத்தை வெட்டிவிட்டு, பெயருக்குப் பதில் எண் போட்டுத்தான் படங்கள் அவரிடம் போகும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஆன்ட்டி படத்தப் பாருங்க, எவ்வளவு கிளியர். நல்லா இருக்கறவங்களே ஸ்கேன் மெஷினுக்குள்ள போனா நெளிவாங்க லா. இவங்க கட்டை மாதிரி கிடந்திருக்காங்க."

எண்ணைப் பார்த்தேன். நானே பதிந்து கொடுத்த எண்.

"அது எங்கம்மா," என்றேன்.

மென்றதை விழுங்கினார். "அப்படியா? அடுத்த வருஷமும் கூட்டிட்டு வாங்க. மூளை எவ்வளவு சுருங்கியிருக்குன்னு கம்பேர் பண்ணணும்."

அடுத்த வருஷம் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து டாக்சி வைத்துக் கூட்டிப்போனேன். அசையக்கூடாது என்று சொன்னது அம்மாவுக்கு இப்போது மனதில் நிற்கவில்லை. மெஷினுக்குள் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்.

மறுநாள் அவர் படத்தைத் திறந்தார். எல்லாம் கலங்கலாக இருந்தது.

"போன வருஷம் நல்லாத்தானே படுத்திருந்தாங்க?"

"என்னைத் தேடினாங்க."

அவர் கறிபாப்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை பரிவுதானா என்று நான் முடிவு செய்வதற்குள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "குப்பை," என்றார்.