போகாத ஃபைல்களும் ஒரு கடிதமும்

பிரவுசிங் சென்டர் தொழிலில் கம்ப்யூட்டர் பாதி வேலைதான் பார்க்கும். மீதிப் பாதி, அது ஏன் வேலை பார்க்கவில்லை என்று வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வது. காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே, ஏழு மெஷின்களை வைத்துக்கொண்டு, நானும் என் மச்சான் முருகேசனும் ஆறேழு வருடம் அந்த மீதிப் பாதியைத்தான் பார்த்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மெயிலில் எதை வேண்டுமானாலும் இணைத்து அனுப்பலாம் என்றிருந்த காலம் போய், வைரஸ் பயத்தில் மெயில் சர்வீஸ்காரர்கள் ஒவ்வொரு வகை ஃபைலாக மறிக்கத் தொடங்கியிருந்தார்கள். முக்கியமாக, கிளிக் செய்தால் தானே ஓடத் தொடங்கும் இ.எக்ஸ்.இ. ஃபைல். உங்களுக்கும் நடந்திருக்கும். ஃபைல் ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து முழுசாகும். உடனே சிவப்பில் ஒரு வரி வரும், இந்த வகை ஃபைலை அனுப்ப இயலாது என்று. ஏன் என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியாது. கேட்பதெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எங்களிடம்தான்.

வாழ்த்துக்கு வந்த தடை

முதலில் மாட்டியவர் காஜா பாய். நெல்பேட்டைப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு ரம்ஜான் வாழ்த்து அனுப்ப ஒரு சிடியோடு வந்தார். பிறை மெல்ல மேலே வரும், விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், பின்னால் இசை. யாரோ நண்பர் செய்து கொடுத்தது. பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆனால் அது இ.எக்ஸ்.இ. மூன்று முறை ஏற்றினோம், மூன்று முறையும் சிவப்பு வரி.

மெயில்காரன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் இ.எக்ஸ்.இ. என்ற வாலைப் பார்த்தே திருப்பிவிடுகிறான் என்று விளக்கினேன். பிறையும் வைரஸும் அவனுக்கு ஒன்றா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். கடைசியில் நோன்பு திறக்க நேரமாகிறது என்று, சாதாரணமாக நாலு வரி தட்டி அனுப்பினார். அது ஒரு நொடியில் போய்விட்டது. எழுந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்: "நல்லா இருன்னு பாட்டுப் பாடுனா விட மாட்டேங்குது. திட்டி ஒரு சிடி போட்டுக் கொண்டாந்தா விடுமா தம்பி?"

முருகேசன் கண்ட வழி

வாலைப் பார்த்துத்தான் மறிக்கிறான் என்றால் வாலை மாற்றிவிட வேண்டியதுதானே என்று முருகேசன் ஒரு நாள் கண்டுபிடித்தான். இ.எக்ஸ்.இ. என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேர்டு கடிதத்துக்கு உரிய டாக் என்றோ, போட்டோ ஃபைலுக்கு உரிய ஜேபெக் என்றோ போட்டுவிட்டால், மெயில்காரன் சல்யூட் அடித்து உள்ளே விடுவான். வாங்குகிறவர் பழைய பெயரைத் திரும்பப் போட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். பின்னாளில் மெயில்காரர்கள் உள்ளேயும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதுவரை இந்த வித்தை ஓடியது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஃபைலாக இருந்தாலும் காளவாசலுக்குக் கொண்டுபோனால் அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பெயர் பரவியது. கொட்டாம்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். நானும் ஏதோ சுங்கச்சாவடியை ஏமாற்றியவன் போல மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். கடைசி வருட புராஜெக்ட்டாகப் பேருந்து நேரம் காட்டும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பேராசிரியருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். வாலை ஜேபெக் என்று மாற்றி அனுப்பிவைத்தேன். பெயரைத் திரும்ப மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்க்க மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்து வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சார் என் புராஜெக்ட்டத் தொறந்து பாத்தாராம்ணே. போட்டோ சரியா விழலை, வேற எடுத்து அனுப்புன்னுட்டாரு."

அன்றே வேறு வழியில் அனுப்பி அவர் வேலையை முடித்துக் கொடுத்தோம். ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன்: பெயரை மாற்றினால், மாற்றிய விஷயத்தையும் கூடவே எழுத வேண்டும். அரைகுறையாகத்தான் கற்றுக்கொண்டேன் என்பது பிறகு தெரிந்தது.

எழுத்தையும் கூடவே அனுப்பு

ராஜாராம் ஐயா கார்த்திகை மாதத்தில் ஒரு காலை வேளை வந்தார். விளக்குத்தூண் பக்கம் பட்டுச்சேலைக் கடை. அங்கேயே நாலு பிரவுசிங் சென்டர் இருக்க, டவுன் பஸ் பிடித்துக் காளவாசலுக்கு ஏன் வந்தார் என்றால், அங்கே எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மகளுக்கு ஒரு கடிதம் போட வேண்டும்.

மகள் ஜெயந்தி அமெரிக்காவில் இருந்தாள். கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனை மூன்று வருடம் முன்பு கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. இப்போது தை மாதம் மகன் பாலாஜிக்குக் கல்யாணம். அப்பாவே கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். மகன் டைரியிலிருந்து அவள் மெயில் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். போன் நம்பரும் அதில் இருந்தது. போனிலேயே பேசிவிடலாமே என்றேன். பேசினால் அழுதுவிடுவேன் என்றார். அதை அவர் வெட்கப்படாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம், எழுதுவது தமிழ். அதனால் ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்துத்தான் வெளியே சொன்னார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். நீயும் உன் வீட்டுக்காரரும் வர வேண்டும் என்றார். நான் அடித்து முடித்தேன். பிறகு, வீட்டுக்காரர் என்பதை எடுத்துவிட்டு மாப்பிள்ளை என்று போடச் சொன்னார்.

இங்கேதான் எங்கள் பழைய வியாதி. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துகளைப் பற்றி உங்களில் பட்டவர்களுக்குத் தெரியும். நாம் அடித்த அதே ஃபாண்ட், அதாவது அந்த எழுத்து வடிவம் உள்ள ஃபைல், அந்தப் பக்கத்து மெஷினிலும் இருந்தால்தான் தமிழ். இல்லாவிட்டால் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும்தான் தெரியும். அதனால் கடிதத்தோடு ஃபாண்டையும் அனுப்ப வேண்டும். எங்களிடம் இருந்த ஃபாண்ட் இ.எக்ஸ்.இ. ஃபைலாக இருந்தது. மெயில்காரன் மறித்தான். நான் வாலை டாக் என்று மாற்றினேன், விட்டுவிட்டான். மாணவர் விஷயத்தில் பட்ட பாடு நினைவிருந்ததால், கடிதத்துக்குக் கீழே, அந்த ஃபைலின் பெயரை எப்படித் திருப்பி மாற்றுவது, ஃபாண்டை எப்படி ஏற்றுவது என்று பத்து வரி பொறுமையாகத் தமிழில் அடித்தேன். ராஜாராம் ஐயா எழுந்து நின்று, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "போயிருச்சுல்ல தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, போயிருச்சுல்ல?"

பதினோரு மணி

மறுநாளிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு வந்தார். அவருக்காகத் திறந்த மெயில் கணக்கில் மெயில்காரனின் வரவேற்பு மெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே இப்போது ராத்திரி, தூங்கியிருப்பார்கள் என்றேன் முதல் நாள். லீவில் எங்காவது போயிருக்கலாம் என்றேன் அடுத்த வாரம். மூன்றாவது வாரம் அவர் வரும் நேரத்துக்கு டீ வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டு வந்தால் தேவலை என்று தோன்றும். ஒரு நாள் அப்படிப் போயும் இருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள் வந்தது. மகள், மருமகன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வராதவர்கள் பெயரைப் போட்டால் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இவர் இன்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். அன்று பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவ கோவம் எனக்குத் தெரியும் தம்பி. நியாயமான கோவந்தான். உங்க மேல ஒண்ணுமில்ல, நீங்க அனுப்பிட்டீங்க."

மூன்றாம் நம்பர் மெஷின்

அவர் படியிறங்கிப் போன அரை மணி நேரத்தில் நடந்தது இது. மூன்றாம் நம்பர் மெஷினை முருகேசன் அப்போதுதான் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தான். மனசு கேட்காமல், அவர் கடிதம் சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க அந்த மெஷினில் உட்கார்ந்தேன். அனுப்பிய மெயிலைத் திறந்தேன். ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. அந்த மெஷினில் தமிழ் ஃபாண்ட் இன்னும் ஏற்றவில்லை. ஜெயந்தி பார்த்ததும் இதைத்தான்.

பரவாயில்லை, கீழே குறிப்பு இருக்கிறதே என்று இறக்கிப் பார்த்தேன். குறிப்பும் அதே கொம்பு, அதே கேள்விக்குறி. ஃபாண்டை எப்படி ஏற்றுவது என்பதை, ஏற்றாவிட்டால் படிக்கவே முடியாத அந்த ஃபாண்டிலேயே பத்து வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் ஒரு மனிதர் தினமும் பஸ் ஏறி வந்து, மகள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார். முருகேசன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னான்: "பெட்டியைப் பூட்டி, சாவியையும் உள்ளயே போட்டு அனுப்பிருக்க மாப்ள."

ஸ்கேனர்

ராஜாராம் ஐயாவின் கடையைத் தேடிப் போய்ச் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பயந்து போனேன், சந்தோஷம்தான் வந்தது. அப்படியென்றால் அவள் படிக்கவே இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். படிக்கவே இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

ஒன்றாகவே பஸ்ஸில் வந்தோம். இந்த முறை தட்டச்சு வேண்டாம், கையால் எழுதுங்கள், போட்டோ மாதிரி எடுத்து அனுப்புகிறேன், போட்டோவை எந்த மெயில்காரனும் மறிக்க மாட்டான் என்றேன். பாஸ்போர்ட் நகல் எடுக்க வாங்கிய ஸ்கேனர் முதல் நாளும் அந்த மேஜையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் தட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் எழுதினார். மூன்று தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாலாவது தாளை நான் படிக்காமல் கவிழ்த்து வைத்து ஸ்கேன் எடுத்தேன். போனது. முருகேசனை விட்டு அந்த மூன்றாம் நம்பர் மெஷினில் ஒரு முறை திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. ராஜாராம் ஐயா திரையில் தன் எழுத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கு. ஆனா என் எழுத்துன்னு தெரிஞ்சுக்கிருவா."

பதில்

மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டியில் ஒரு மெயில் இருந்தது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னைப் படிக்கச் சொன்னார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

டிக்கெட் போட்டாயிற்று, இருவரும் வருகிறோம், பத்திரிகையில் பெயரைப் போடுங்கள் என்று முதலில் எழுதியிருந்தாள். பிறகு, மூன்று வாரம் முன்பு அப்பா பெயரில் ஒரு மெயில் வந்ததாம். உள்ளே ஒன்றும் புரியவில்லை, கூடவே ஏதோ ஃபைல். தெரிந்தவர் பெயரில் வரும் வைரஸைத் திறக்காதீர்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அப்பா எனக்கு எழுத மாட்டார், இது நிச்சயமாக வைரஸ்தான் என்று அழித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் அப்பா என்று முடித்திருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை, எல்லாம் என் மடத்தனம் என்றேன். இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூணு வருசத்துல அவ எனக்குப் போட்ட லெட்டர் பதினோரு எண்ணம் பீரோவுல கெடக்கு தம்பி. ஒண்ணையும் நான் பிரிக்கல. இப்பப் போயிப் பிரிக்கணும், வாரேன்."

அதற்குப் பிறகும் மெயில்காரர்கள் எத்தனையோ ஃபைல்களை மறித்தார்கள், நானும் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொன்னேன். ஆனால் வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்புகிறானே என்று அவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.