எல்லோருக்கும் 120/80

நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. இதைப் பார்மசி பிள்ளைகளிடம் ஒன்பது வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன். ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் 72, 76, 80. ஒருத்தருக்கும் 73 வராது, 77 வராது. மூச்சு எல்லோருக்கும் பதினெட்டு. இரத்த அழுத்தம் எல்லோருக்கும் 120/80. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. படித்து முடித்ததும் பாதிப் பேர் மருந்துக்கடைக்குத்தான் போவார்கள். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்க முடியாத ஜனங்கள் முதலில் அந்தக் கடைக்காரனிடம்தான் கையை நீட்டுவார்கள். அதனால் அளக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் போட்டோம். பி.பி. பார்க்க நாலு மேசை. நல்ல கூட்டம். மறுநாள் காலையில் கருவிகளை அலமாரியில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் என் கையிலேயே சுற்றி அமுக்கிப் பார்த்தேன். மூன்றாவது மேசைக் கருவியில் முள் தொண்ணூறு வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. உஸ்ஸென்று இறங்கிவிட்டது. அமுக்குகிற பந்தும் ரப்பர் குழாயும் சேருகிற இடத்தில் விரிசல். விரிசலுக்குள் அழுக்கு அடைந்திருந்தது. நேற்று விழுந்த விரிசல் இல்லை.

பதிவுத்தாளை எடுத்தேன். மூன்றாவது மேசையில் முப்பத்துநாலு பேர். தொண்ணூறைத் தாண்டாத கருவியில் முப்பது பேருக்கு 120/80. ருசிக்கு நாலு பேருக்கு 110/70.

அந்த மேசையில் உட்கார்ந்தவன் இரண்டாம் வருஷத்துப் பையன், செட்டியார்பட்டிக்காரன். கூப்பிட்டேன். கருவி நல்லாத்தான் இருந்தது என்றான். அவன் கையிலேயே அதைச் சுற்றி, அமுக்கு என்றேன். அமுக்கினான். முள் தொண்ணூறில் நின்று இறங்கியது. பிறகுதான் சொன்னான். வரிசை வாசல் வரை நின்றதாம். பின்னால் கல்லூரி முதல்வர் போட்டோ எடுப்பவரோடு நின்றாராம். முள் ஏறவில்லை என்று சொன்னால் அமுக்கத் தெரியாதவன் என்பார்களாம்.

"அதுக்கு?"

"அதான் மேடம், சரியான விடையை எழுதிட்டேன்."

சரியான விடை. ஒரு மனுஷ உடம்பில் இரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு இரத்தக் குழாயை முட்டுகிறது என்பதற்கு இவனிடம் முன்கூட்டியே விடை இருக்கிறது. கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

முதல்வரிடம் போனேன். குழாயை மாற்றிவிடுங்கள் போதும் என்றார். முகாம் படம் பேப்பரில் வந்துவிட்டதாம், இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் கல்லூரிப் பெயர் என்ன ஆகும் என்று கேட்டார். அந்த முப்பத்துநாலு பேர் என்ன ஆவார்கள் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு முப்பத்துநாலு பேருக்கும் போன் போட்டேன். அதில் பதினோரு பேர் ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களை நினைத்துத்தான் பயம். நார்மல் என்று காதில் விழுந்தால் முதலில் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள். எடுத்தவர்கள் எல்லோரிடமும் அளந்தது தப்பு, மறுபடி ஆஸ்பத்திரியில் பாருங்கள் என்றேன். இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள். திட்டட்டும். அந்தப் பதினோரு பேரில் ஒரு அம்மா மட்டும் எடுக்கவே இல்லை. ஐம்பது தாண்டியவர், பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை.

செவ்வாய்க்கிழமை நல்ல கருவி ஒன்றைப் பையில் போட்டு, பையனையும் இழுத்துக்கொண்டு சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். மத்தியானம் வேலை முடிந்து அந்தம்மா அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக மண்டை இடிப்பதாகவும், தறிச் சத்தம்தான் காரணம் என்றும் அவரே சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"அதான் நார்மலாயிருச்சுல்லா. மிச்சம் கெடந்த அட்டையப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேன். பாவம், அவளுக்கும் கிறுகிறுன்னு வருதாம்."

ஒரு பொய் எண் இரண்டு வீட்டுக்குள் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஓடி அட்டையைக் கேட்டேன். நல்லவேளை, அந்த வீட்டம்மா இன்னும் ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பினேன். இப்போது தறிக்கார அம்மா கையை நீட்ட மாட்டேன் என்றார். சும்மா இருக்கிறவளுக்கு நோய் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை விற்க வந்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம இந்தத் தம்பிதான சொன்னாரு? அன்னைக்கு நல்லாருந்த ஒடம்பு இன்னைக்கு எப்பிடிக் கெட்டுப்போகும்?"

பையன் என்னைப் பார்த்தான். அவன் எழுதியது, அவன்தான் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு நான் அளக்கல ஆச்சி. மிசினு கெட்டுப்போயிருந்துச்சு. சும்மா எழுதுனேன்."

அந்தம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நான் துணியில ஒரு இழை விட்டாலே சூப்பர்வைசர் என் மூஞ்சியில எறிவான். நீ ஆளையே விட்டுருக்க."

பிறகு கையை நீட்டினார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னேன். ரவிக்கைக் கை இறுக்கம், பையன் அதன் மேலேயே பட்டையைச் சுற்றப் போனான். கையைத் தட்டிவிட்டேன். அந்தம்மா உள்ளே போய் நைட்டி மாற்றிக்கொண்டு வந்தார். திரும்பவும் ஐந்து நிமிடம். அவன் அமுக்கி, மெதுவாகக் காற்றை விட்டு, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் ஆரம்பிக்கிற இடத்திலும் நிற்கிற இடத்திலும் முள்ளைப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். நானும் ஒரு தடவை பார்த்தேன்.

"எம்புட்டுப்பா?"

"நூத்தித் தொண்ணூத்தாறு. கீழ நூத்திப்பத்து."

ஆட்டோ பிடித்து ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வேண்டியதுதான். சாயங்காலம் வரை இருக்கவைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவனை விடாமல் திட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவன் கடைசியில் சொன்னான்: "போன வருசம் பக்கத்துல இருந்தவனுக்கு அளந்து 138/90ன்னு ரெக்கார்டுல எழுதுனேன் மேடம். நீங்கதான் செவப்பு மையில ரிப்பீட்டுன்னு எழுதுனீங்க."

பொய் சொல்லாதே என்றேன். மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 138/90. பக்கத்தில் என் கையெழுத்தில் ரிப்பீட். அதற்குக் கீழே அதே தேதியில் 120/80. அதற்கு நான் போட்ட டிக். திரும்ப அளந்தானா என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்கவில்லை. முப்பது நோட்டு இருந்தது, நானும் அவசரத்தில் இருந்தேன். அவனுக்கு வரிசை, எனக்கு நோட்டு. சரியான விடை எது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அந்த விரிசல் விட்ட கருவியை நான் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைத்தான் கொடுக்கிறேன். முள் ஏறவில்லை என்று எழுதினால் முழு மதிப்பெண். சத்தம் கேட்கவில்லை என்று எழுதினாலும் முழு மதிப்பெண். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் இதெல்லாம் ஒரு விடையா என்று கேட்டார். சேத்தூருக்குப் பஸ் டிக்கெட் எடுத்துத் தருகிறேன், அங்கே போய்க் கேளுங்கள் என்றேன்.

அந்தம்மாவுக்கு அவ்வப்போது போன் பண்ணுவேன். மாத்திரை சாப்பிடுகிறார், தறிக்கும் போகிறார். முகாம் என்றால் மட்டும் வர மாட்டேன் என்கிறார்.

இந்த வருஷமும் முதல் வகுப்பு முடிந்துவிட்டது. முப்பது நோட்டு. முள் ஏறவில்லை என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். மற்ற இருபத்தாறும் 120/80.

அந்த இருபத்தாறில் ஒன்றிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.