காதுக்காரரின் களம்

களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆளுக்கொரு வழி உண்டு. ஒருவர் ஒடித்துப் பார்ப்பார், ஒருவர் மோந்து பார்ப்பார், அவசரக்காரர் வானத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்பார். அவள் கணவர் ஒரு பிடி அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று ஆடினால் சாக்கில் கட்டலாம். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் வெயில் வேண்டும். அவர் சொல் பிசகியதில்லை என்பதால் காதுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மற்ற களத்து மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிக் குடைகிற மண்டிக்காரர், இவர் மூட்டையை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்காமல் லாரியில் ஏற்றுவார்.

அந்தக் காதுதான் கேட்காமல் போனது.

லாபத்துக்காகத்தான் மிளகாய்க்கு வந்தார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மற்ற பயிரெல்லாம் போட்ட முதலைத் திருப்பித் தருவதற்கே மூக்கால் அழுதன. மிளகாய் கொடுத்தது. பிள்ளைகள் படித்ததும், மகளுக்குக் கல்யாணம் ஆனதும், வீட்டுக்கு மாடி ஏறியதும் அதனால்தான். ஆனால் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டது என்று அவளுக்குத் தோன்றும். இலை சுருண்டால் மருந்து, பூ உதிர்ந்தால் மருந்து. ஒரு வரிசையைப் பறித்து முடித்து நிமிர்ந்தால், முதல் செடியில் அடுத்த பழம் சிவந்து நிற்கும். அவளுக்கு இடுப்பு போனது. விரல் எரிச்சல் எண்ணெய்க்கும் அடங்காது, மோருக்கும் அடங்காது. படுத்தால் தூக்கம் வருவதற்குள் விடிந்துவிடும்.

அவருக்குப் போனது காது. மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காக நடந்தார். அதன் இன்ஜின் பிடரிக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டிருக்கும். "காதுல பஞ்சாவது வெச்சுக்குங்களேன்" என்று சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வலித்தது. "பஞ்சு வெச்சா இன்ஜின் மக்கர் பண்றது எப்படித் தெரியும்?" என்பார். அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

ஒருநாள் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் குக்கரைக் கருக விட்டார். கேட்டதற்கு, "விசிலே வரலையே, வாஷர் போயிருக்கும்" என்றார். அவள் புது வாஷரும் வாங்கி மாட்டினாள். பிறகு, "நீ ஏன் இப்பல்லாம் முணுமுணுன்னு பேசற?" என்று பழியை அவள் மேலேயே போட்டார். டாக்டரிடம் போகலாம் என்று வாயெடுத்தால் அவருக்கு வயலில் திடீரென்று வேலை முளைத்துவிடும். அவளும் விட்டுவிட்டாள். காது போய்விட்டது என்று வெளியே தெரிந்தால், வருகிறவர் போகிறவரெல்லாம் கூப்பிடுகிற அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் களத்துக்கு வருவதற்கு முன்பே குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தானே குலுக்கிப் பார்ப்பாள். காய்ந்திருந்தால், "இன்னைக்கு ஒரு கை பாருங்களேன்" என்பாள். காயாதபோது அவர் குவியலை நெருங்கினால், "சாப்பாடு ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டுவிடுவாள். போன வருஷ வற்றல் முழுக்க இப்படித்தான் மண்டிக்குப் போனது. அவர் பெயருக்கு ஒரு பொட்டுக் குறையும் வரவில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் வானம் சரியில்லை. வெயில் எட்டிப் பார்க்கும்போது தார்ப்பாயை விலக்கி, மேகம் கூடும்போது இழுத்து மூடி, அவளுக்குக் கை அற்றுப்போனது. அன்று காலை அடியிலிருந்து எடுத்துக் குலுக்கினாள். மேலே மொறுமொறுவென்று இருந்தாலும் அடி வற்றல் மெத்தென்று வாய் மூடிக் கிடந்தது. இன்னும் நல்ல வெயில் வேண்டும். அந்த நேரம் பார்த்து மண்டிக்காரர் லாரியோடு வந்து நின்றார். கூடவே அவள் கொழுந்தன்.

கொழுந்தனுக்கு அந்தக் களத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு அண்ணி, முன்ன மாதிரி இல்ல. இனிமே களத்தை நான் பாத்துக்கறேனே" என்று வந்தபோதெல்லாம் அதே பாட்டு. அன்றும் அண்ணனையே கவனித்துக்கொண்டு நின்றார்.

"மழை பிடிக்கறதுக்குள்ள ஏத்திடலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ண்ணே" என்றார் மண்டிக்காரர்.

கூலி ஆட்கள் சாக்கும் கையுமாகக் காத்திருந்தார்கள். காதுக்காரர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். குலுக்கியபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

சாப்பிடக் கூப்பிடலாம் என்றால் சாப்பாட்டு வேளை இல்லை. காயவில்லை என்று நேராகச் சொன்னால், காதுக்காரருக்குத் தெரியாதது பெண்டாட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று கொழுந்தன் கேட்பார். அத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிவதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. ஒரு களத்து வற்றல் போனால் போகட்டும், மனுஷன் மானம் போகவேண்டாம் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காஞ்சிருச்சு. கட்டுங்க" என்றார் அவர்.

மூட்டைகள் போன வேகத்தில் திரும்பி வரவில்லை. மண்டியில் கிடந்து உள்ளுக்குள் சூடேறி, நாற்றமெடுத்த பிறகுதான் வந்தன. லாரிக்காரர் களத்தில் இறக்கிவிட்டு, மண்டிக்காரர் சொல்லியனுப்பியதையும் சொன்னார்: இனிமேல் இந்தக் களத்து மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துத்தான் எடுப்பாராம். அதைக் காதுக்காரரிடம் சொல்ல லாரிக்காரருக்கு இரண்டு முறை கத்தவேண்டியிருந்தது. பக்கத்துக் களத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லாரி போனதும் இருவரும் மூட்டைகளைக் கொட்டிப் பூசணம் பிடித்ததைப் பொறுக்க உட்கார்ந்தார்கள். பொறுக்கி மிஞ்சப்போவது கொஞ்சம்தான். மனம் கேட்காமல் அவள் எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"காயலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. தெரிஞ்சும் சொல்லல. உங்க தம்பி நின்னாரு, அதான்."

அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவருக்குக் கத்துவதற்கும் அலுப்பாக இருந்ததோ என்னவோ, மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கு வத்தல் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. நீ பாருங்கன்னா காஞ்சிருக்கும். சாப்பிட வாங்கன்னா காயல. அத வெச்சுத்தான ஓட்டிட்டிருந்தேன்."

பூசணம் பிடித்த ஒரு வற்றலைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"அன்னைக்கும் உன்னத்தான் பாத்தேன். நீ கூப்பிடல. சரி, காஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் முதுகைத் திருப்பி அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பின்னாலேயே உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். அவர் திரும்பாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.