விருந்தாளித் தண்ணீர்

சம்பந்தி வீட்டு முன்னறையில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு மண்ஜாடி இருந்தது. அதன்மேல் நீல நிறத் தண்ணீர்க் கேன் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். என் மகள் பூவேலை செய்த துணியொன்றை அதற்கு முக்காடு போலப் போட்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சம்பந்தி ஜாடியின் குழாயைத் திருகி டம்ளரை நிரப்பிவிடுவார். காற்று ஏறும்போது கேனுக்குள் குளுக்கென்று ஒரு சத்தம் வரும். "மொதல்ல தண்ணி குடிங்க சம்பந்தி. அப்புறமாக் கோவப்படலாம்" என்பார். நான் கோபத்தோடுதான் வருவேன் என்பது அவருக்குத் தெரியும். ஓசூரிலிருந்து தளி, தளியிலிருந்து ஜவளகிரி, அங்கிருந்து காட்டோரமாக மேட்டின் மேல் அந்தச் சிற்றூர். பேருந்து எங்கெங்கே நின்றது, எங்கே எத்தனை நிமிடம் வீணாயிற்று என்று சொல்லித் தீர்க்காமல் என்னால் உட்கார முடியாது. தொழிற்சாலைக் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவனுக்கு எண்ணுவது ஒரு நோய்.

பேத்திக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது அதில் சுண்ணாம்புத் தீற்றல் போல வெள்ளை தெரிந்தது. அடுத்த வருடம் அது பழுப்பாயிற்று. ஓசூர்ப் பல் மருத்துவர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்த் தண்ணி?" என்று மட்டும் கேட்டார். ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு. பல்லில் தெரிவது போகாது. குடிப்பதை நிறுத்தாவிட்டால் எலும்புக்கும் இறங்கும் என்றார். காவிரித் தண்ணீர்க் குழாய் அடிவாரம் வரை வந்திருந்தது, மேட்டுக்கு ஏறவில்லை. அன்று மாலை அந்த ஊர்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கையால் வாயை மறைக்காமல் சிரித்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் பால்பல் விழாத சின்னதுகள்.

பெங்களூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு அரசாங்கம் இப்படிப்பட்ட ஊர்களுக்கு வளர்ச்சி நிதி தருவதாகப் பங்குச் சாமியார்தான் சொன்னார். வெளிநாட்டுப் பணம் வாங்க உரிமம் வேண்டும். அது உள்ள ஒரு சேவைச் சங்கம் எங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டது. ஊர்க் குடிநீர்க் குழுவுக்குச் சம்பந்தி தலைவர். ஆங்கிலத்தில் எழுத நான். தண்ணீர் சுத்திகரிக்கும் ஓர் இயந்திரமும் அதற்கொரு கொட்டகையும் கேட்டோம், அவ்வளவுதான். அதற்கு அவர்கள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இன்றும் எரிகிறது. பயனாளிகளில் பெண்கள் எத்தனை பேர், பருவநிலை மாற்றத்தோடு இத்திட்டத்துக்கு என்ன தொடர்பு, நிதி நின்ற பிறகு திட்டம் எப்படி நிலைக்கும். தாகம் எடுத்தவனிடம் தாகம் தணிந்த பிறகு என்ன செய்வாய் என்று கேட்பதைப்போல. நான்கு மாதம் எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குடம், யார் சுமக்கிறார்கள், யாருக்கு முழங்கால் மடங்கவில்லை என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதினேன்.

முடித்தபின் சம்பந்திக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"எங்கள ரொம்பத்தான் அழ வெச்சிட்டீங்க. இதப் படிச்சா எங்க ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"குடுத்தவன்தாங்க எழுதியிருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளின் பற்களைப் படம் எடுத்து இணைக்க வேண்டும் என்றபோது எழுந்து நின்றுவிட்டார். "வாயத் தொறந்து பல்லப் பாக்கறதுக்கு இது மாட்டுச் சந்தைங்களா? அதெல்லாம் வேண்டாம். வர்றவங்க வந்து கண்ணால பாக்கட்டும்." படம் இல்லாமலேயே அனுப்பினோம்.

கண்ணால் பார்க்க அந்தப் பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டி, கூட ஒரு கன்னட ஓட்டுநர். ஊர் கல்யாணத்துக்குத் தயாரானது போல இருந்தது. தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பெண்கள் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து உடுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொண்டு பூச்செண்டு கொடுத்தார்கள். இத்தனை அலங்காரத்தில் குறை எங்கே தெரியும்? எதற்கும் அத்தாட்சி வேண்டுமே என்று, ஆழ்துளைக் கிணற்றில் ஒரு பாட்டிலும் வீட்டுப் பானைகளில் நான்கு பாட்டிலும் பிடித்துக்கொண்டு போய்ச் சோதியுங்கள் என்று அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் வற்புறுத்தினேன். அவரும் அதற்குத் தயாராகவே வந்திருந்தார். பாட்டில்களில் எண் ஒட்டி எடுத்துப்போனார். இனிக் கவலையில்லை, தண்ணீரே சாட்சி சொல்லும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் மாவட்டம் தொழில் வளர்ந்த மாவட்டம். சராசரி வருமானம் அவர்கள் வரம்புக்கு மேல் இருந்தது. ஓசூர்த் தொழிற்சாலைகளின் வருமானத்தையும் காட்டோரத்துக் கேழ்வரகையும் கூட்டி வகுத்தால் அப்படித்தான் வரும். கணக்குப் பிரிவில் அதே வேலையைச் செய்தவன் நான், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது காரணம்: கிணற்று நீர் கெட்டதுதான், ஆனால் குடும்பங்கள் ஏற்கெனவே பாதுகாப்பான நீரையே குடித்து வருகின்றன. நான்கு வீட்டுப் பானையிலும் சுத்தமான தண்ணீர்.

அன்றே பேருந்து ஏறினேன். சம்பந்தி டம்ளரை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அன்னிக்குப் பானையில இருந்தது எந்தத் தண்ணிங்க?"

"கேன் தண்ணிதான். தளியிலேர்ந்து வண்டி வெச்சு எறக்கினேன், தெருவுக்கே. எந்த வூட்ல கேப்பாங்களோ, யாருக்குத் தெரியும்?"

"ஏன்?"

"ஏன்னா? வூட்டுக்கு வந்தவங்களுக்கு வெசத்தக் குடுக்கறதா? ஆனை வந்தாக்கூட நல்ல தண்ணி காட்டித்தானே அனுப்புவோம்."

"அந்த வெசத்துக்குத்தான்யா மருந்து கேட்டு நாலு மாசம் எழுதினேன்! அதக் கேன் வாங்கி மூடி வெச்சியே!"

அதுவரை நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கு மட்டும் என்ன குடுத்தேன்? கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வூட்ல நீங்க குடிச்சது இந்தக் கேன்தான். ஒரு நாளாவது, மத்தவங்க எதக் குடிக்கறாங்கன்னு கேட்டீங்களா? எல்லாத்தையும் எண்ணற ஆளாச்சே."

மருத்துவர் சொன்ன பிறகு பேத்தியாவது கேனில் குடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே அடுப்படிப் பக்கம் பார்த்தேன். என் மகள் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு எப்போதும் தெரியும். சொன்னால் நான் அவளையும் பிள்ளையையும் ஓசூருக்கு அழைத்துப் போய்விடுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

உண்மையை எழுதி மேல்முறையீடு செய்ய நினைத்தேன். ஒருமுறை மறுக்கப்பட்ட ஊர் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம் என்றார்கள். மூன்று வருடம் கழித்து அந்த அரசாங்கம் தன் பணத்தை வேறு நாடுகளுக்குத் திருப்பிவிட்டது. அதற்குள் சம்பந்தி குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். பிறகு முதுகு வளையவே இல்லை. கட்டிலில் மரக்கட்டை போலக் கிடந்தவர், என்னைப் பார்த்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, "தாத்தாவுக்குத் தண்ணி குடு" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. வந்தவருக்கு நல்லது கொடுத்து அனுப்பிய மனிதரை மன்னிக்க முடியாமல் இருப்பது எனக்குத்தான் தண்டனையாக இருக்கிறது.

போன மாதம் அவருடைய முதல் வருட நினைவுப் பூசைக்குப் போயிருந்தேன். ஓசூர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பேத்தியும் விடுப்பில் வந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைப் படத்திலும் உதடுகள் ஒட்டியிருந்தன. முன்னறையில் அதே ஜாடி, அதே முக்காடு, கேன் மட்டும் புதிது. நான் உட்காராமல் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையில் டம்ளரை விட்டேன். அவள் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ தாத்தா, அது எங்களுக்கு. உங்களுக்கு அங்க இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், கையால் வாயை மறைத்துக்கொண்டு. பிறகு முன்னறைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். கேனுக்குள் குளுக்கென்று சத்தம் வந்தது.